ஊசி போடாத மருத்துவரிடமிருந்து ஒரு திறந்த மடல்

மும்பையின் தாராவி, சயான், கோலிவாடா, மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கும், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிமாருக்கும்,

வணக்கம்.

என் கிளினிக்கின் வாசலில் கிடக்கும் பெஞ்சில் பேசுவதெல்லாம் உள்ளே எனக்கு நன்றாகவே கேட்கும். "இந்த டாக்டர் ஊசி போட மாட்டார், பவர் மருந்தும் எழுத மாட்டார், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவார், பீஸ் மட்டும் சரியாக வாங்கிக்கொள்வார்" என்று சென்ற வாரம் ஒரு பாட்டி, முதல் முறையாக வந்திருந்த இளம் தாய் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நான் சொல்லும்போது எதைப் பார்க்கச் சொல்கிறேன் என்பதை, வெளியே பதினைந்து குழந்தைகள் அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் நிதானமாக விளக்க முடிவதில்லை. மழை தொடங்கிவிட்டது, செப்டம்பர் முடியும்வரை அந்தப் பெஞ்சு காலியாகாது என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஜூலையில் ஒரே மாலையில் இரண்டு குழந்தைகள் வந்தார்கள். முதலாவது இரண்டு வயதுப் பையன். காய்ச்சல் 103 டிகிரி. அவனைத் தூக்கி வந்த அப்பாவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பையனோ என் ஸ்டெதஸ்கோப்பின் குழாயைப் பிடித்து இழுத்து, அம்மாவின் பையிலிருந்த பிஸ்கட்டைக் கேட்டு அடம்பிடித்தான். இரண்டாவது பதினொரு மாதப் பெண் குழந்தை. தெர்மாமீட்டரில் 99தான் காட்டியது. "காய்ச்சல்கூட இல்லை, இரண்டு நாளாகப் பேதி, கொஞ்சம் சோர்வாக இருக்கிறாள்" என்றார் தாய். பாட்டியின் தோளில் ஈரத்துணி போலச் சரிந்து கிடந்த அந்தக் குழந்தை காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை; உள்ளங்காலைச் சுண்டியபோதும் மெல்ல முனகியதே தவிர அழவில்லை. பையனை வீட்டுக்கும், அந்தப் பெண் குழந்தையை அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினேன். நான் பார்க்கச் சொல்வது இந்த வேறுபாட்டைத்தான்.

100.4 டிகிரியை எட்டினால் அதைக் காய்ச்சல் என்கிறோம். கிருமி புகுந்ததும் உடல் தன் வெப்பத்தைத் தானே கூட்டிக்கொள்கிறது. கிருமியோடு மல்லுக்கட்ட அந்தச் சூடு அதற்கு உதவுகிறது. சாதாரணச் சளிக் காய்ச்சலில் 103 வரை ஏறுவது குழந்தைகளிடம் வெகு இயல்பு; அந்தச் சூட்டினால் மூளை பாதிக்கப்படுவதில்லை. ஆகவே, பாராசிட்டமால் கொடுத்த பின்னும் 101க்குக் கீழே இறங்கவில்லையே என்று இரவெல்லாம் தெர்மாமீட்டரும் கையுமாக உட்கார்ந்திருக்க வேண்டாம். குழந்தை தண்ணீரோ பாலோ குடிக்கிறதா, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா, சூடு சற்றுத் தணிந்த வேளையில் முகம் பார்த்துச் சிரிக்கிறதா, விளையாட முயல்கிறதா என்று பாருங்கள். இதற்கு ஒரே விலக்கு மூன்று மாதத்துக்குட்பட்ட பச்சைக் குழந்தை. அதற்கு 100.4 இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவிலேயே தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

பாராசிட்டமால் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையானவன். மெடிக்கலில் அது மூன்று விதமாகக் கிடைக்கிறது: ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள டிராப்ஸ், 5 மில்லியில் 120 உள்ள சிரப், 5 மில்லியில் 250 உள்ள சிரப். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் போதும் என்றால், டிராப்ஸில் ஒன்றரை மில்லி, முதல் சிரப்பில் ஏறத்தாழ 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி கொடுக்க வேண்டும். அண்ணன் குடித்து மீந்த பாட்டிலிலிருந்து தங்கைக்கு "ஒரு ஸ்பூன்" ஊற்றுவதும், டிராப்ஸைச் சிரப்பென்று நினைத்து ஒரு மூடி நிறையக் கொடுப்பதும் ஈரலுக்கு ஆபத்து. இன்னொன்று, காய்ச்சல் சட்டென்று இறங்குகிறது என்பதற்காக நிமிசுலைடு கேட்டு வாங்காதீர்கள். 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதைக் கொடுப்பது இந்தியாவில் 2011இலேயே தடைசெய்யப்பட்டுவிட்டது.

"போன மாதம்தானே சரியானது, மறுபடியும் சளியா, இவனுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லையா?" என்ற கேள்வியை நாள்தோறும் கேட்கிறேன். பால்வாடிக்குப் போகத் தொடங்கும் குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது எங்கள் கணக்கில் இயல்புதான். ஒரு முறை பிடித்தால் இருமல் இரண்டு, மூன்று வாரம் நீடிப்பதும் உண்டு. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்துறங்கும் வீடுகளில் இதைவிடக் குறைவாக எப்படி இருக்கும்? இவற்றில் மிகப் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. நீங்கள் பவர் மருந்து என்று சொல்லும் ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. இருமல் சிரப்பும் இருமலின் நாளைக் குறைப்பதில்லை. 2025இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் நச்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழும் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசின் சுகாதாரத் துறை அதையொட்டி அறிவுறுத்தியது. நான் எழுத மறுப்பது கஞ்சத்தனத்தால் அல்ல.

இருமும் குழந்தையிடம் நீங்கள் பார்க்க வேண்டியது மூச்சு. தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40. இந்த எண்ணை எட்டினாலோ தாண்டினாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, உடனே கிளம்புங்கள். இந்த எண்ணிக்கைக்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை. சாம்பிராணிப் புகையை மட்டும் அந்த அறையில் போடாதீர்கள்.

காய்ச்சலில் வரும் வலிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு தந்தை, மூன்று வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டும் மழையில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து ஓடி வந்தார். வந்து சேர்வதற்குள் வலிப்பு நின்றுவிட்டிருந்தது. குழந்தையின் மூடிய கையை மெல்ல விரித்தபோது உள்ளே பூட்டுச் சாவி ஒன்று இருந்தது. அதன் பற்கள் உள்ளங்கையில் சிவப்பாக, வரிசையாகப் பதிந்திருந்தன. இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று பக்கத்து வீட்டார் திணித்ததாம். வலிப்பு நின்றது தானாகத்தான். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு இப்படி ஒரு வலிப்பு வருகிறது. பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. அறிவையோ படிப்பையோ அது பாதிப்பதில்லை. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர் எதையும் வைக்காதீர்கள், மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் கடந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அதற்குள் நின்றுவிட்டாலும் அன்றே ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பார்க்கும் கண்ணுக்கு அது மரணம் போலத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். என் மகளுக்கு வந்தபோது மருத்துவனான எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

பேதிக்கு ஊசியும் வேண்டாம், குளுக்கோஸ் பாட்டிலும் பெரும்பாலும் வேண்டாம். 1971இல் வங்கதேச அகதிகள் போங்காவ் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தபோது, பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றினார். அதே நீர்தான் இன்று ஓஆர்எஸ் பொட்டலமாக நம் கைக்கு வருகிறது. பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொஞ்சம் தூளைக் கொட்டிக் கலக்கினால் உப்பு மிகுந்து தீங்காகிவிடும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள். மருத்துவர் எழுதித் தரும் ஜிங்க் (துத்தநாக) மருந்தைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுங்கள். அட்டைப் பெட்டியில் வரும் பழரசத்தை ஓஆர்எஸ் என்று நம்பி வாங்கிக் கொடுத்த தாய்மாரை எனக்குத் தெரியும். அத்தகைய பானங்களின் பெயரில் அந்தச் சொல்லே இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவிட்டது.

பல் முளைப்பதால் 102 டிகிரி காய்ச்சலோ பேதியோ வராது. ஒரு வயதுக்கு மேல் குழந்தை முன்போலச் சாப்பிடாததும் நோயல்ல. முதல் ஆண்டில் பிறந்த எடையைப் போல் மூன்று மடங்காக வளர்ந்த உடல் பிறகு மெதுவாகத்தான் வளர்கிறது, பசியும் அதற்கேற்பக் குறைகிறது. எடை ஏறிக்கொண்டிருந்தால் தட்டோடு பின்னால் ஓட வேண்டாம்.

பாட்டிமாருக்கு ஒரு விண்ணப்பம். மேலெல்லாம் கொப்புளமோ சிவப்புத் தடிப்போ கண்டதும் அம்மை போட்டிருக்கிறது என்று வாசலில் வேப்பிலை செருகி, மூன்று தண்ணீர் ஊற்றும்வரை மருத்துவரிடம் காட்டக் கூடாது என்று வைத்திருக்கிறீர்கள். வேப்பிலையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தட்டம்மை நுரையீரலுக்கு இறங்கிக் கொல்லக்கூடியது. 2022 இறுதியில் கோவண்டி உள்ளிட்ட பகுதிகளில் அது பரவிக் குழந்தைகள் இறந்ததை இந்நகரம் பார்த்தது. அம்மனைக் கும்பிட்டுக்கொண்டே குழந்தையைக் கொண்டு வந்து காட்டுங்கள். வைட்டமின் ஏ கொடுக்க வேண்டியிருக்கும். ஒன்பது மாதத்திலும், பதினாறு மாதத்துக்கு மேலும் போட வேண்டிய தட்டம்மைத் தடுப்பூசி மாநகராட்சி மருந்தகங்களில் இலவசம். ஊசி போடாத டாக்டர் என்ற பெயர் எனக்கு இருந்தாலும், இந்த ஊசியைப் போடச் சொல்லி உங்கள் பின்னாலேயே வருவேன்.

மழைக்காலத்தில் மட்டும் நான் மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் மூன்றாம் நாளும் தொடர்ந்தால் டெங்கு, மலேரியாவுக்கு ரத்தம் பார்க்க வேண்டும். பிள்ளை வெள்ள நீரில் நடந்திருந்தால் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும் என்பதால் அதை மறக்காமல் சொல்லுங்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்குகிறது. தெர்மாமீட்டர் 98 காட்டும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். குழந்தை மட்டும் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுக்கும், விடாமல் வாந்தி எடுக்கும், கைகால் சில்லிட்டுப் போகும், ஈறில் ரத்தம் கசியும். அப்போது எண்ணை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். டெங்கு இல்லையென்று தெரியும்வரை, காய்ச்சலுக்கும் வலிக்கும் கொடுக்கும் இபுபுரூஃபன் கலந்த மருந்து எதையும் கொடுக்காதீர்கள்.

என்னிடம் வரும்போது, வீட்டில் கொடுத்த எல்லா மருந்துப் பாட்டில்களையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். "ரோஸ் கலர், மாம்பழ வாசனை" என்று சொன்னால் என்னால் கண்டுபிடிக்க முடியாது. நான் கேட்கப்போகும் முதல் கேள்வி, குழந்தை கடைசியாக எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தது என்பது. வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே அதை நினைவுபடுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சயானில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் உங்கள் மருத்துவர்