அந்த அம்மாவுக்கு ஒரு பாய் போடு

விசுவமடு
மாசி 18

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. மூன்று நாளாக விதைக் கச்சான் கடலை உடைத்துக்கொண்டே அதையே யோசிக்கிறேன். பேசினால் "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். தம்பி இதைப் படம் பிடித்து உன் தொலைபேசிக்கு அனுப்புவதாகச் சொல்கிறான். ஆனாலும் தாளைத் தபாலிலும் போடுவேன். கையில் வைத்து வாசி.

அங்கே மலையகத்தில் நீ வயலின் படிப்பிக்கிற வகுப்பறை யன்னலோடு நின்று எட்டிப் பார்க்கிற, கொழுந்து பறிக்கிற அந்தத் தாயைப் பற்றித்தான் சொல்கிறேன். பிள்ளை வில்லைப் பிடிக்கும்போது அவள் வெளியில் நின்று "நிமிர்ந்து இரு" என்கிறாளாம். வகுப்பு முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் "என் பிள்ளைக்குப் பரீட்சையில் ஏ சித்தி கிடைக்குமா டீச்சர்?" என்று கேட்கிறாளாம். போன வெள்ளிக்கிழமை நீ பொறுமை இழந்து, வகுப்பு நேரத்தில் பெற்றோர் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாய். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. "இப்போதுதான் அம்மா நிம்மதியாகப் படிப்பிக்கிறேன்" என்றாய்.

அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை, மகள்.

பக்கத்து வளவு அக்காவிடம் விசாரித்தேன். அவருடைய தாய் தகப்பன் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து இங்கே வன்னிக்கு வந்து தருமபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள் என்பது உனக்குத் தெரியும். "கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள்" என்றார். அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளமாம். அப்படியானால் பகல் வேளையில் உன் யன்னலடிக்கு வந்து நிற்கிறவள், அன்றைய முழுப்பேரை விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்தவளாக இருக்கலாம். நீ அவளிடம் அதைக் கேட்டாயா?

நானும் யன்னலடியில் நின்றவள்தான். உனக்கு அப்போது ஏழு வயது, 2004ஆம் ஆண்டு. யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா கச்சான் விற்ற காசை மடியில் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போய், யாரோ வாசித்துப் பழசாக்கிய வயலின் ஒன்றை வாங்கி வந்தார். வரும் வழியில் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, வயலினின் வயிற்றுக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்தார்களாம். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு தந்திதான் மிச்சம் இருந்தது. அதையும் நீ பிடித்துக்கொண்டு அன்றிரவு தூங்கவில்லை.

தருமபுரத்தில் உன் ரீச்சர் வீட்டு முற்றத்து வேம்பு நினைவிருக்கிறதா? 1995 இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து வந்து, திரும்பிப் போகாமல் இங்கேயே இருந்துவிட்டவர் அவர். புதனும் சனியும் உன்னைச் சைக்கிள் பாரில் இருத்தி, வயலின் பெட்டியைக் கரியரில் பழைய ரியூப்பால் கட்டி, புழுதிக்குள்ளால் மிதித்து வருவேன். உன்னை உள்ளே விட்டுவிட்டு யன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்பேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஸரிகம என்றால் என்னவென்றே தெரியாது. நீ சரியாக வாசிக்கிறாயா, பிழையாக வாசிக்கிறாயா என்று ரீச்சரின் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். அவர் முகம் சுருங்கினால் எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்யும்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஒரு சனிக்கிழமை எழுந்து வெளியில் வந்தார். ஏசப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "ஏன் அம்மா வெயிலுக்குள் நிற்கிறீர்கள்? உள்ளே வாருங்கள்" என்று சொல்லி, உன் பாய்க்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு பாய் போட்டார். பிறகு என் வலது கையைப் பிடித்து என் தொடையிலேயே தட்ட வைத்தார். ஒரு தட்டு. சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். பிறகு ஒரு தட்டு, ஒரு வீச்சு. இன்னொரு தட்டு, இன்னொரு வீச்சு. எட்டு எண்ணிக்கை, ஆதி தாளம். கச்சான் கிண்டிய மண் நகத்துக்குள் கறுத்துக் கிடந்த கை அது. வெட்கத்தில் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை. "வீட்டில் பிள்ளைக்குத் தாளம் போட ஒரு ஆள் வேண்டும். அது நீங்கள்தான்" என்றார்.

அன்றிரவே நமக்கு வேலை தொடங்கிவிட்டது. ஊரில் மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தல் விளக்கை வாங்கில் வைத்து, நீ முதற் பாடமான சரளி வரிசை வாசிக்க, நான் எட்டெட்டாக எண்ணினேன். மெதுவான முதலாம் காலத்தில் இரண்டு பேரும் ஒன்றாகப் போவோம். வேகமான மூன்றாம் காலத்தில் நீ ஓடிவிடுவாய். நான் கையை நிறுத்திவிடுவேன். "அம்மா, ஏன் நிறுத்தினாய்?" என்பாய். "நீ எங்கேயோ போய்விட்டாய், வா" என்பேன். மாயாமாளவகௌளை என்ற அந்த ராகத்தின் பெயர் என் வாயில் ஒழுங்காக வர ஒரு வருடம் எடுத்தது. ஆனால் நீ தாளம் தப்பினால் அடுப்படியில் இருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். தெரியாத ஒன்றைப் பிள்ளையோடு சேர்ந்து தெரிந்துகொள்வதைப் போல ஒரு சந்தோசம் எனக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை, மகள். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

யுத்தம் முடிந்த 2009ஐப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. வயலினை அப்பா இரணைப்பாலை வரைக்கும் தோளில் கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அப்பாச்சியைத் தூக்க வேண்டியிருந்தது. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு உன் ரீச்சரை நாம் காணவில்லை. செட்டிகுளம் முகாமில், கூடாரத்துக்குள், நீ ஒரு விறகுக் கட்டையை இடது தோளில் வைத்து விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தாய். சத்தம் இல்லை. உன் வாய் மட்டும் அசைந்தது. நான் பக்கத்தில் இருந்து தாளம் போட்டேன். அப்போது அலங்காரப் பாடங்கள் ஏழையும் நீ ஒன்றும் விடாமல் முடித்தாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் கையும் சரியாக முடிந்தது.

ஊருக்குத் திரும்பி, தறப்பாளுக்குக் கீழிருந்து கல் வீட்டுக்கு மாறிய பிறகு, 2012இல் என் தோட்டை அடகு வைத்து இரண்டாவது வயலினை வாங்கினோம். புது ரீச்சர் கிளிநொச்சியில். பரந்தன் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். அடுத்த வருடம் உனக்குச் சாதாரண தரப் பரீட்சை. "இந்த வருடமாவது அந்தப் பெட்டியை மூடி வைக்கச் சொல்லுங்கள், கணக்கில் புள்ளி குறைகிறது" என்று பாடசாலையில் ஒருவர் அப்பாவிடம் சொல்லி, அப்பாவும் தடுமாறினார். நான்தான் விடவில்லை. அதே வருடம் ஆடியில் வட இலங்கைச் சங்கீத சபையின் வயலின் பரீட்சைக்குக் கட்டாயம் போக வேண்டும் என்று நின்றவளும் நான்தான்.

இப்போது நான் சொல்லப் போவது எனக்குச் சொல்லக் கடினமானது.

அந்த ஆடியில் சோளகக் காற்று வாரி அடித்தது. காற்றின் வறட்சியில் வயலின் தந்தி சுற்றுகிற பிருடை மரம் சுருங்கி, தந்தியை முறுக்கி நிறுத்த முன்னமே கழன்று கழன்று வந்தது. பரீட்சை அறை வாசலில் நீ பிருடையைக் கழற்றி வெண்கட்டி பூசி, திரும்பவும் செருகி, ஸ, ப, ஸ, ப என்று நான்கையும் சேர்த்துக்கொண்டிருந்தாய். உள்ளே போய் வர்ணம் வாசிக்கும்போது அது மறுபடியும் இறங்கிவிட்டது. வெளியில் வந்து என் தோளில் சாய்ந்து அழுதாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "தோட்டை அடகு வைத்தது இதற்கா?" என்று கேட்டேன். பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற அந்த ஒரு மணித்தியாலமும், வீடு வரும் வரைக்கும், நான் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பெறுபேறு வந்தபோது நீ சித்தியடையவில்லை. அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பரீட்சை அன்றைக்கே நீ பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாய். மூன்று மாதம் அது வெளியில் வரவில்லை. அதுதான் எனக்குத் தண்டனையாக இருந்தது. மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை. தாய் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் நம் வீடுகளில் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் விதைக்கக் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தேன். உடைக்கிற கைக்கு ஏற்றபடி ஜண்டை வரிசையை வாய்க்குள் முணுமுணுத்தேன். நீ படித்துக்கொண்டிருந்தாய். நான் எங்கோ ஒரு ஸ்வரத்தைப் பிழையாகச் சொல்லியிருக்க வேண்டும். "அது அப்படி இல்லை அம்மா" என்றாய். எப்படி என்று கேட்டேன். வாயால் சொன்னாய். எனக்கு விளங்கவில்லை, திரும்பவும் பிழையாகவே சொன்னேன். பொறுக்க முடியாமல் எழுந்து போய்க் கட்டிலுக்குக் கீழே இருந்து பெட்டியை இழுத்தாய். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கை நடுங்கி, சுளகோடு கச்சானைக் கொட்டிவிட்டேன். இருட்டும் வரை நீ வாசித்தாய், நான் பொறுக்கினேன். அலங்காரங்களில் எனக்குப் பிடித்தது இன்னொரு முறை வேண்டும் என்று கேட்டேன். பரீட்சைக்கு இது வராது அம்மா என்றாய். தெரியும், எனக்கு வாசி என்றேன்.

அதற்குப் பிறகு நீ அந்தச் சபையின் ஆசிரியர் தரம் வரை முடித்துக் கலாவித்தகர் பட்டம் பெற்றதும், மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் நான்கு வருடம் படித்ததும் உன் கெட்டித்தனம். அதில் எனக்குப் பங்கில்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தில் நீ ஒரேயடியாக விட்டிருந்தால் அதில் முழுப்பங்கும் என்னுடையது.

ஆகவே பெற்றோர் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. மற்றப் பிள்ளையின் புள்ளியைக் கேட்டுத் தன் பிள்ளையைக் குத்துகிறவர்களை எனக்குத் தெரியும். போட்டியில் இரண்டாமிடம் வந்த பிள்ளைக்கு வழியில் சோறு வாங்கிக் கொடுக்காமல் கூட்டிவந்த தகப்பனைக் கண்டிருக்கிறேன். பிள்ளைக்கு ஒரு ராகம் ஒழுங்காக விரியுமுன்னரே கடன்பட்டு மண்டபம் எடுத்து அரங்கேற்றம் வைப்பது எனக்குப் பாவமாகவே படுகிறது. அப்படியானவர்களிடம் நீ கண்டிப்பாக இரு. உன் தொழில் அது.

ஆனால் உன் யன்னலடித் தாயைப் பற்றி நீ சொன்னதில் அப்படி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. "ஏ கிடைக்குமா" என்று கேட்கிறாளே, சங்கீதத்தைப் பற்றி அவளுக்குக் கேட்கத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான், மகள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வேறு கேள்வியை அவளுக்கு நீதான் படிப்பிக்க வேண்டும். சாதாரண தரத்துக்கு எழுத்துத் தாள் மட்டுமில்லை, செயன்முறைப் பரீட்சையும் இருக்கிறது. அந்தப் பிள்ளை வீட்டில் யாருக்கு முன்னால் வாசித்துப் பழகப் போகிறது? தேயிலைத் தோட்ட லயத்து வீட்டில் இடமும் குறைவு, அக்கம் பக்கத்தாரின் முணுமுணுப்பும் இருக்கும். "வாசி, நான் கேட்கிறேன்" என்று சொல்ல ஒரு ஆள் அங்கே இருந்தால் போதும். கொழுந்து பறிக்கிற விரல்களுக்குத் தாளம் எண்ண வராதா என்ன? என் கையை விட அவள் கை வேகமாகப் பிடித்துக்கொள்ளும்.

நாளைக்கே பிள்ளையிடம் சொல்லி அவளை வரச் சொல். மற்றவர்களுக்கு முன்னால் ஏசியதால், வரச் சொல்வதையும் மற்றவர்களுக்கு முன்னாலேயே சொல். உள்ளே பாய் போடு. கதிரை கொடுத்தால் உன் முன்னால் இருக்க மாட்டாள்.

பங்குனிக் கடைசியில் உன் பிள்ளைகளின் கலைவிழாவுக்கு நாங்கள் வருகிறோம். அப்பா எல்லாம் விசாரித்துவிட்டார். கிளிநொச்சியில் பஸ் ஏறினால் நம் கண்டி வீதியிலேயே நேராகக் கண்டி வரை வரலாம், அங்கிருந்து ஹட்டன் பஸ். இரண்டு கிலோ வறுத்த கச்சானும், ஒரு போத்தல் நல்லெண்ணெயும், நீ கேட்ட ஊறுகாயும் கொண்டு வருவேன். குளிருக்கு அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை எடுத்து வை, அவர் கேட்க மாட்டார்.

முன் வரிசையில் விருந்தினர்களோடு எங்களை இருத்தாதே. அந்தத் தாய் எங்கே இருக்கிறாளோ அங்கே, அவளுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு இடம் பிடித்து வை. அவளுடைய பிள்ளை வாசிக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தாளம் போடுகிறோம்.

அன்புடன்,
அம்மா