மேல்காட்டுக்கு அட்வான்ஸ் வாங்க வேண்டாம்

வாங்கனூயி, நியூசிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நம் காபித் தோட்டம் மேல்காட்டை மதுரைப் பார்ட்டி ஒருவர் ரிசார்ட்டுக்குக் கேட்கிறார் என்று போனில் சொன்னீர்கள். "பார்க்கலாம்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அதே நினைப்புதான். பேச்சில் வராதது எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விடியற்காலை நாலரைக்குப் பண்ணைக்குப் போக வேண்டும். சுற்றும் மேடையில் மாடுகள் தாமாக ஏறி நிற்கும். ஒரு சுற்று வருவதற்குள் மெஷின் கறந்துவிடும், இறங்கிப் போய்விடும். எதற்கும் பெயர் கிடையாது, காதில் நம்பர்தான். நம் செவலை இங்கே இருந்தால் முதல் நாளே எவனையாவது முட்டியிருக்கும். புல்வெளியைப் பார்த்தால் மன்னவனூர் மாதிரி பச்சை. ஆனால் பாதி யூரியாவின் பச்சை. மாட்டு மூத்திரத்திலிருந்து நைட்ரேட் மண்ணில் இறங்கி ஓடைக்குப் போகிறது. கோடையில் சில இடங்களில் குளிக்க வேண்டாம் என்று பலகை வைக்கிறார்கள். மாதாமாதம் உங்களுக்கு நான் அனுப்பும் பணம் இந்தப் பாலில் வருவதுதான். அதனால் உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு வாயில்லை.

இந்த ஊரை ஒட்டி ஓடும் ஆற்றுக்கும் வாங்கனூயி என்றுதான் பெயர். 290 கிலோமீட்டர் நீளம். 2017 மார்ச்சில் நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. மலையிலிருந்து கடல்வரை அந்த ஆறு உயிருள்ள ஒரே முழுமை, சட்டத்தின் முன் அது ஓர் ஆள். அதற்காகப் பேச இரண்டு பேர்: ஒருவர் அரசு சார்பில், இன்னொருவர் இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் சார்பில். 'நானே ஆறு, ஆறே நான்' என்பது அவர்களுடைய பழமொழி.

என்னோடு பால் கறக்கும் மாவோரிப் பெரியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விலாங்கு பிடிக்கக் கூட்டிப்போனார். தண்ணீரில் கால் வைக்குமுன் நின்று கராகியா சொன்னார், அவர்கள் பிரார்த்தனை. நான் பழக்க தோஷத்தில் ஷூவைக் கழற்றினேன். அந்தக் குளிரில்! எதற்கு என்று கேட்டார். எங்கள் ஊர்க் கோயில்காட்டுக்குள் செருப்போடு போனால் தாத்தா விரட்டுவார், சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது என்றேன்.

"அந்தக் காடு யார் பெயரில் இருக்கிறது?"

"சாமி பெயரில்."

"எங்கள் ஆற்றுக்கு இவ்வளவு சொல்லவைக்க நூறு வருஷத்துக்கு மேல் வழக்காட வேண்டியிருந்தது" என்றார்.

காலேஜ் படிக்கும்போது அந்தக் காட்டு மரங்களுக்கு நான் விலை போட்டதும், ஒரு ஜீப் வாங்கலாம் என்று சொன்னதும், தாத்தா இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதை அந்த மாவோரிப் பெரியவரிடம் சொல்லவில்லை.

இங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஆளென்று சட்டம் சொன்ன பிறகும் ஆற்றின் தலைப்பக்கத்துத் தண்ணீரை மின்சாரத்துக்குத் திருப்புவது நிற்கவில்லை. நம் நாட்டிலும் அதே 2017 மார்ச்சில் கங்கையையும் யமுனையையும் உயிருள்ள ஆட்கள் என்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. காகிதத்தில் எழுதுவது எளிது. தாத்தா எதையும் எழுதிவைக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊற்று கோயில்காட்டுக்கு அடியில், நம் எல்லையை ஒட்டி வருகிறது. ரிசார்ட்காரர் முதலில் போர்வெல்தான் போடுவார். அப்புறம் காபிக்கு நிழல் தரும் பலாவும் அத்தியும் காட்சியை மறைக்கிறது என்று வெட்டுவார். கீழ்த்தெருவுக்குக் குடிக்க என்ன இருக்கும்? பேங்க் கடனுக்காகத்தான் விற்க நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்னும் ஒன்றரை வருஷம் கறந்தால் அடைத்துவிடலாம், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அடுத்த தைக்கு நான் வருகிறேன், உட்கார்ந்து பேசலாம். அதுவரை அட்வான்ஸ் மட்டும் வாங்க வேண்டாம்.

அம்மாவிடம் மிளகு அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள், சுங்கத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். போன சித்திரையில் ஊற்று வற்றியதா? அடுத்த போனில் மறக்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்