மீட்ட அன்றே விடுதலைச் சான்றிதழைக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செங்கல் சூளையிலிருந்து கொத்தடிமைத் தொழிலாளர்கள் மீட்கப்பட்டதாக உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அண்மையில் வந்த செய்தியைப் படித்தேன். எத்தனை குடும்பங்கள், யார் தலைமையில் போனார்கள், எந்த வண்டியில் ஏற்றினார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. கொத்தடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டதாக அரசு எழுதித் தரும் விடுதலைச் சான்றிதழ் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டதா என்பது மட்டும் இல்லை. வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள் நான். திருவண்ணாமலை, வேலூர் பக்கம்தான் பெரும்பாலும் வேலை பார்த்தேன். இப்படிப்பட்ட மீட்புகளுக்குப் போயிருக்கிறேன். மீட்புக்குப் பிறகு வருகிற கோப்புகளோடு அதைவிட அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஒரு வரி விடுபட்டது எனக்கு உறுத்தியதற்குக் காரணம் அதுதான்.

எங்கள் பக்கத்தில் ஆளை யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி வீட்டுக்கே வருவார். பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார். மழைக்காலத்தில் வேலை இல்லாமல் கிடக்கும் நேரம், வீட்டில் ஒரு சாவு, ஒரு பிரசவம், ஒரு கல்யாணம் என்று பணம் தேவைப்படும் நேரம் பார்த்து வருவார். பத்தாயிரமோ இருபதாயிரமோ அட்வான்ஸ் என்று கையில் கொடுப்பார். எழுத்து எதுவும் கிடையாது. இருந்தால் வெற்றுத் தாளில் ஒரு கைரேகை. தை பிறந்ததும் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள், சில வீடுகளில் கிழவன் கிழவியும் சேர்த்து டெம்போவில் ஏற்றிவிடுவார்கள். எங்கள் பகுதியில் இதில் அதிகம் சிக்குவது இருளர் குடும்பங்கள். சிலர் சூளைக்கு, சிலர் கரும்பு வெட்ட, சிலர் சவுக்கும் வேலிக்காத்தானும் வெட்டிக் கரி மூட்டம் போட.

சூளையில் விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கே மண் குழைத்துக் கல் அறுக்கத் தொடங்க வேண்டும். வெயில் ஏறினால் முடியாது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். அது முழுசாகக் கைக்கு வராது. வாரச் செலவுக்கு என்று ஏதோ கொடுத்துவிட்டு, மீதி அட்வான்ஸில் கழிகிறது என்பார்கள். கணக்கு நோட்டு முதலாளியிடம் இருக்கும். மழை பெய்து பச்சைக் கல் கரைந்துபோனால் அந்த நஷ்டம் அறுத்தவர் தலையில் விழும். சொந்தத்தில் ஒரு சாவு, ஊருக்குப் போக வேண்டும் என்றால் புருஷனை மட்டும் அனுப்பிவிட்டுப் பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் நிறுத்திக்கொள்வார்கள். சுற்றிலும் வேலி இருக்காது, கதவில் பூட்டு இருக்காது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள், "இவங்களை யாரு கட்டிப்போட்டது? தானாத்தானே வந்தாங்க?" என்று கேட்பதும் அதனால்தான். படித்தவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

சட்டத்தில் இதற்குப் பதில் எப்போதோ வந்துவிட்டது. 1976ஆம் ஆண்டு கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி அந்த அட்வான்ஸ் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டிய பொறுப்பே கிடையாது. அப்படி ரத்தான கடனுக்காகப் பணம் வாங்குவதே குற்றம் என்கிறது 9ஆம் பிரிவு. இது கொத்தடிமைக் கடன்தான் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். அது 15ஆம் பிரிவு. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவரை வேலை வாங்கினால் அதுவே கட்டாய உழைப்பு, அரசியல் சாசனத்தின் 23ஆவது பிரிவை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் 1982லேயே சொன்னது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு, ஏமாற்றியோ ஆசை காட்டியோ அடிமை வேலைக்கு ஆள் சேர்ப்பதை ஆள்கடத்தல் என்கிறது. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா இல்லையா என்பது பொருட்டே அல்ல என்று அதற்குள்ளேயே விளக்கமும் இருக்கிறது. "தானாத்தானே வந்தாங்க" என்பதற்கு இதைவிடத் தெளிவாக ஒரு சட்டம் பதில் சொல்ல முடியாது.

சரி, சட்டம் தெளிவாக இருக்கும்போது சிக்கல் எங்கே வருகிறது? விசாரிக்கிற இடத்திலேயே தொடங்குகிறது. ஜீப்பில் போய் இறங்கி, முதலாளி பக்கத்தில் நிற்க, "உங்களை யாராவது கொடுமைப்படுத்துறாங்களா?" என்று கேட்டால் யார் வாயைத் திறப்பார்கள்? "நல்லாத்தாம்மா இருக்கோம்" என்றுதான் சொல்வார்கள். அதையே வாக்குமூலமாக எழுதிக்கொண்டு திரும்பி வந்த அதிகாரிகளை எனக்குத் தெரியும். நான் வேறு மாதிரி கேட்பேன். கடைசியாக எப்போது ஊருக்குப் போனீர்கள், போனபோது இங்கே யாரை விட்டுவிட்டுப் போனீர்கள், சந்தைக்கு யார் போவது, உடம்பு முடியாத அன்றைக்கு என்ன சொன்னார்கள், பெரிய பையன் எந்த வகுப்பில் நின்றான் என்று கேட்பேன். இந்தக் கேள்விகளுக்குப் பயமில்லாமல் பதில் வரும். அதுவும் சூளையில் வைத்துக் கேட்கக் கூடாது. முதலில் அவர்களை அலுவலகத்துக்கு அழைத்து வந்து, சாப்பாடு போட்டு, பெண்களைத் தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

அடுத்து நடப்பதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. விசாரணை முடிந்ததும் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ ஒவ்வொருவர் பெயரிலும் விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். இவர் கொத்தடிமையாக இருந்தார், இப்போது விடுவிக்கப்பட்டார், இவருடைய கடன் ரத்தாகிவிட்டது என்று அரசாங்கம் கையெழுத்துப் போட்டுச் சொல்லும் ஆவணம் அது. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைப்பதற்கும், பிறகு வரும் மறுவாழ்வுத் தொகைக்கும் அதுதான் அடிப்படை. ஆனால் பல இடங்களில் அதை எழுதக் கை வருவதில்லை. சூளை முதலாளி செல்வாக்குள்ளவராக இருப்பார். மாவட்டத்தில் கொத்தடிமை இருந்தது என்று எழுதினால் மேலே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற தயக்கம் இருக்கும். அதனால் கூலித் தகராறு என்று எழுதி, முதலாளியிடமிருந்து கொஞ்சம் பணம் வாங்கிக் கொடுத்து, "சமரசமாக முடிந்தது" என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

அப்படி அனுப்பப்பட்ட ஒரு குடும்பத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். பஸ் கட்டணமும் ஒரு மூட்டை அரிசியும் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். சான்றிதழ் தரவில்லை. கொஞ்ச நாளிலேயே மேஸ்திரி வாசலில் வந்து நின்றார். அட்வான்ஸ் பாக்கி என்றார். கடன் ரத்தாகிவிட்டது என்று எடுத்துக் காட்ட அவர்களிடம் எந்தத் தாளும் இல்லை. அடுத்த தையில் வேறொரு சூளையில் புது அட்வான்ஸ் வாங்கிப் பழைய பாக்கியைக் கட்டினார்கள். நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மூத்த பெண் அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டாள். மீட்பு நடந்ததாக அரசுப் பதிவேட்டில் ஒரு வரியாவது இருக்குமா என்றால் அதுவும் சந்தேகம்தான்.

2019 ஜூலையில் அன்றைய காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்து கும்பிட்ட படம் அப்போது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. பார்த்துக் கலங்காதவர் இல்லை. நாம் கலங்குவதால் அந்த வயதில் ஒருவருக்கு வீடு வந்துவிடாது, கடன்காரன் வராமல் இருந்துவிட மாட்டான். அதற்குத் தாள் வேண்டும், பணம் வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது தொகை உயர்ந்தது. வயது வந்த ஆணுக்கு 1 லட்சம் ரூபாய், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற மிகக் கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கும் திருநங்கையருக்கும் 3 லட்சம். அதற்கு முன்பு 20,000 ரூபாய்தான் இருந்தது. இந்த உயர்வை மனதார வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் கூடவே ஒரு முடிச்சும் வந்தது. பெரிய தொகை, குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு இணைக்கப்பட்டது. தீர்ப்பு வரவில்லை என்பதற்காக உதவித்தொகைக்கான முன்மொழிவை நிறுத்தி வைக்கக் கூடாது என்று திட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் முழுப் பணமும் கைக்கு வருவது நீதிமன்ற நடவடிக்கையைப் பொறுத்தே என்றும் அதிலேயே இருக்கிறது. கீழே கோப்பு பார்க்கிறவர் எதைப் பிடித்துக்கொள்வார்? "வழக்கு நிலுவையில் உள்ளது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

வழக்கோ வருஷக்கணக்கில் இழுக்கும். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் பிழைப்புக்காக ஊர் ஊராகப் போகிறவர்கள். சம்மன் போகும்போது வீடு பூட்டிக் கிடக்கும். ஒரு வாய்தாவுக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. நடுவில் எதிர்த் தரப்பு ஆட்கள் வந்து பேசிவிட்டுப் போவார்கள். கடைசியில் சாட்சி இல்லாமல் வழக்கு தள்ளுபடியானால் அவர் கொத்தடிமையாகவே இருக்கவில்லை என்று ஆகிவிடுமா? அவர் முதுகில் சுமந்த கல் இல்லை என்று ஆகிவிடுமா? குற்றவாளியைத் தண்டிப்பது அரசின் வேலை. அதில் அரசு தோற்றால் அபராதத்தைப் பாதிக்கப்பட்டவரா கட்டுவது? கொத்தடிமைகளைக் கண்டுபிடித்து விடுவித்தால் மட்டும் போதாது, உடனே மறுவாழ்வு தர வேண்டும். இல்லையென்றால் பழைய நிலைக்கே திரும்பிவிடுவார்கள் என்று உச்ச நீதிமன்றம் நீரஜா சவுத்ரி வழக்கில் 1984லேயே எச்சரித்தது. நாற்பது வருஷம் ஆகிவிட்டது.

வழக்குப் பதிவிலும் ஒரு குறை. 1976 சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு சிறை, 2,000 ரூபாய் அபராதம். இன்று ஒரு லோடு செங்கல் வாங்கக்கூட அந்த அபராதத் தொகை போதாது. எனவே அந்தச் சட்டத்தை மட்டும் போட்டு நிறுத்தினால் முதலாளிக்குப் பயம் வராது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவில் குறைந்தது 7 ஆண்டு. ஒருவருக்கு மேற்பட்டவர்களைக் கடத்தியிருந்தால் குறைந்தது 10 ஆண்டு. இருளர்கள் பழங்குடியினர் என்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவும் சேர வேண்டும். பழங்குடியினரைக் கட்டாய வேலை வாங்குவது அதில் தனிக் குற்றம், அதற்குத் தனி நிவாரணமும் உண்டு. இங்கேயும் ஒரு காகிதம் குறுக்கே நிற்கும். இனச்சான்று எங்கே என்று போலீசார் கேட்பார்கள். பழங்குடியினர் சான்று கொடுப்பவரும் அதே கோட்டாட்சியர்தான். விடுதலைச் சான்றிதழ் எழுதும் அதே மேசையில் அதையும் எழுதிக் கொடுத்தால் என்ன? ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, வீட்டுமனைப் பட்டா எல்லாவற்றுக்கும் மனு வாங்க அன்றைக்கே ஒரு எழுத்தரை உட்கார வைக்கலாம். மனம் இருந்தால் ஒரு பகலில் முடிகிற வேலை இது. நான் செய்து பார்த்திருக்கிறேன்.

ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்து திருவள்ளூர் சூளைகளுக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் இரட்டிப்பு. மொழி தெரியாது, திரும்பிப் போன பிறகு இங்கே வந்து கேட்கவும் முடியாது. அவர்களை ரயிலேற்றும் முன் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், அதன் நகல் அவர்களுடைய மாவட்ட ஆட்சியருக்குப் போய்ச் சேர வேண்டும்.

புதிதாக ஒரு முழுமையான ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் வந்தால் எல்லாம் சரியாகும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். 2018இல் மக்களவையில் நிறைவேறிய மசோதா, மறு ஆண்டு அவை கலைந்ததோடு காலாவதியானது. 2021இல் இன்னொரு வரைவு வெளியானது. நல்ல சட்டம் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மீட்டவர்களை அவர்கள் விருப்பம் கேட்காமல் காப்பகத்தில் வைத்திருப்பதை மறுவாழ்வு என்று எழுதும் சட்டம் வந்துவிடக் கூடாது. எங்கள் இருளர் குடும்பங்கள் கேட்பது சொந்த ஊரில் ஒரு மனை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், முன்பணம் இல்லாத வேலை. அதற்கு இருக்கிற சட்டமே போதும்.

உங்கள் நாளிதழுக்கும் இரண்டு வேண்டுகோள். மீட்கப்பட்ட குழந்தைகளின் முகம் தெரியும்படி படம் போடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது என்பதோடு, அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார வேண்டும். இரண்டாவது, மீட்பு நடந்த ஒரு வருஷம் கழித்து உங்கள் நிருபர் அதே குடும்பங்களைப் போய்ப் பார்க்கட்டும்.

ஒவ்வொரு பிப்ரவரி 9ஆம் தேதியும் எல்லா அரசு அலுவலகங்களிலும் கொத்தடிமை முறை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறோம். நானும் பல முறை வரிசையில் நின்று கையை நீட்டிச் சொல்லியிருக்கிறேன். அந்த நாளில் ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரும் ஐந்து விவரங்களை அறிவிக்க வேண்டும் என்று உங்கள் மூலம் கேட்டுக்கொள்கிறேன். சென்ற ஆண்டு எத்தனை பேருக்கு விடுதலைச் சான்றிதழ் கொடுத்தார்கள், மீட்ட எத்தனையாவது நாளில் கொடுத்தார்கள், எத்தனை பேருக்கு முழுத் தொகை போய்ச் சேர்ந்தது, 1976 சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி மாவட்டத்திலும் கோட்டத்திலும் அமைத்த கண்காணிப்புக் குழுக்களில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் கடைசியாக எப்போது கூடினார்கள். விவரம் தராத மாவட்டங்களின் பெயரையும் மறுநாள் பத்திரிகையில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியர்,
செய்யாறு.