அணைத்தாலும் அடங்காத டிலே பெடல் குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்

பொருள்: பழுதான டிலே பெடலை மாற்றித் தராமல் அலைக்கழிப்பது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தொலைபேசி, மின்னஞ்சல், சர்வீஸ் சென்டர் என்று எல்லா இடத்திலும் அலைந்து ஓய்ந்த பிறகே இக்கடிதத்தை எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் பேசுகிறார். அவரிடம் நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் எழுத்திலேயே வைத்துவிடுகிறேன்.

கிட்டார் ஓசையை எதிரொலியாகத் திருப்பித் தரும் உங்கள் டிலே பெடலை, காலால் மிதிக்கும் ஃபுட்ஸ்விட்சால் அணைத்து, விளக்கும் அணைந்த பிறகு, முந்தைய பாட்டில் வாசித்த சுரங்கள் உள்ளேயே தங்கியிருந்து, அடுத்த முறை மிதித்தவுடன் ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) பாய்ந்து வருகின்றன. எதிரொலியைத் தொடரவிடும் அந்தச் சிறிய டாகிள் சுவிட்சைக் கீழே தள்ளி, அணைத்துத்தான் வைத்திருக்கிறேன் என்பதை, கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். நான்காவது மோடில் டெம்போவும் (தாள வேகமும்) நிலையாக நிற்பதில்லை. நிமிடத்துக்கு 120 தட்டு என்று மிதித்துக் கொடுத்தால், ஒரு தட்டான கால் நோட்டுக்கு 500 மில்லி விநாடியும், முக்கால் தட்டான புள்ளி வைத்த எட்டாம் நோட்டுக்கு 375 மில்லி விநாடியும் வர வேண்டும். தொடக்கத்தில் சரியாக வருகிற எதிரொலி, பல்லவி முடிவதற்குள் டிரம்ஸை விட்டு விலகிப் போய்விடுகிறது. எதிரொலி எவ்வளவு திரும்பத் திரும்ப வர வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் ஃபீட்பேக் குமிழைக் கால்பங்குக்கும் கீழே வைத்திருக்கும்போதே பெடல் தானாக ஊளையிடத் தொடங்குகிறது. குமிழை முழுவதும் குறைத்தாலும் அடங்குவதில்லை, அடாப்டரைப் பிடுங்கினால்தான் நிற்கிறது.

இதற்கெல்லாம் உங்கள் தரப்பிலிருந்து வந்த ஒரே பதில், "இது பரிசோதனை முயற்சியான பெடல், இப்படித்தான் இருக்கும்" என்பதே. வாசித்ததைத் துண்டு துண்டாக்கிப் பின்னோக்கி ஓட்டுவதும், ஒரு ஸ்தாயி மேலேற்றி இறைப்பதும், எதிரொலியின் இடைவெளியை மாற்றும் டைம் குமிழைத் திருப்பும்போது சுருதி வழுக்கிக்கொண்டு போவதும் இந்தப் பெடலின் இயல்பு என்பது எனக்குத் தெரியும், அதற்காகத்தான் வாங்கினேன். ஆனால் அந்த ஆட்டமெல்லாம் நான் மிதிக்கும்போது தொடங்கி, நான் மிதிக்கும்போது நிற்க வேண்டும். 1974-இல் வந்த ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ ஆர்இ-201 என்ற எதிரொலிக் கருவி, காந்த நாடாவில் ஓடிய இயந்திரம். அதிலேயே, ஃபீட்பேக் குமிழின் வேலையைச் செய்யும் இன்டென்சிட்டி குமிழை ஏற்றினால் ஓசை தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு போகும், இறக்கினால் அடங்கும். இறக்கியும் அடங்காததைப் பழுது என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

சர்வீஸ் சென்டருக்குப் பெடலை மட்டும் கொண்டுவரச் சொன்னார்கள். அரை நாள் பயணம் செய்து போனால், "அடாப்டர் எங்கே?" என்று கேட்டார்கள். அங்கே கிட்டாரும் இல்லை, ஆம்ப்பும் இல்லை. மேசையிலிருந்த ஏதோ ஒரு அடாப்டரைச் செருகி, ஃபுட்ஸ்விட்சைக் கட்டைவிரலால் அழுத்தி, விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, "பழுது எதுவும் காணப்படவில்லை" என்று சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தார் அந்த ஊழியர். ஒலிக்காக இருக்கும் ஒரு கருவியைக் காதால் கேட்காமலே சோதித்து முடித்துவிட்டார்! அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய அவமதிப்பு, பிறகு தொலைபேசியில் பேசிய உங்கள் பிரதிநிதியிடமிருந்து வந்தது. நான் பேசி முடிப்பதற்குள் குறுக்கிட்டு, "உங்களுக்கு முதலில் கிட்டார் வாசிக்கத் தெரியுமா? தெரியாதவர்கள் சாதாரண டிலே வாங்கிக்கொள்வதுதானே?" என்று கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தார். வாழ்நாளில் பாதியைக் கிட்டாரோடு கழித்த ஒருவனிடம் கேட்கும் கேள்வியா இது? அந்த உரையாடல் உங்களிடம் பதிவாகியிருக்கும். தயவுசெய்து நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அடாப்டரின் மேல் பழி போடுவதற்கு முன் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் சொன்னபடியே 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ், 500 மில்லி ஆம்பியர் தரும் தனி அடாப்டரைத்தான் பயன்படுத்துகிறேன். வேறு எந்தப் பெடலும் அதில் இல்லை. மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னீர்கள், செய்தேன். ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொன்னீர்கள், அதையும் செய்தேன். நான் சேமித்து வைத்திருந்த ப்ரீசெட்கள் அழிந்ததுதான் மிச்சம்.

இந்தப் பெடலை நம்பி ஒலிப்பதிவுக்குப் போனோம். மெதுவான ஒரு பகுதியில், பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியில், முந்தைய பாட்டின் எதிரொலி வந்து விழுந்தது. அந்த டேக் மட்டுமல்ல, அன்றைய பதிவு முழுவதும் பாழானது. என் குழுவினர் என்மேல் வைத்திருந்த நம்பிக்கை போயிற்று. இத்தனை ஆண்டுகளில் சேர்த்த பெயர் ஒரே நாளில் போயிற்று. இந்த இழப்பை எந்தத் தொகையாலும் ஈடுசெய்ய முடியாது.

உங்கள் வடிவமைப்பாளர்கள் மீது எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஒழுங்காக ஓடிய சில நேரங்களில் இந்தப் பெடல் தந்த ஒலியை வேறெதிலும் நான் கேட்டதில்லை. ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: வேறொரு புதிய பெடலை, அனுப்பும் முன் கிட்டாரை இணைத்து வாசித்துச் சோதித்த பிறகு, எனக்கு அனுப்புங்கள், முடியாதென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். பழுதான பெடலை எடுத்துச் செல்லும் செலவு உங்களுடையது, இனி அதைத் தூக்கிக்கொண்டு நான் எங்கும் வர மாட்டேன். 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், அந்தச் சோதனைச் சீட்டு, பெடலின் கோளாறைக் காட்டும் ஒலிப்பதிவுகள், இதுவரையிலான மின்னஞ்சல்கள் ஆகிய அனைத்தையும் இணைத்து நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்வேன். என்னிடம் அப்படிப் பேசிய பிரதிநிதியும் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வாங்கிய ரசீது, உத்தரவாத அட்டை, சர்வீஸ் சென்டர் சீட்டு ஆகியவற்றின் நகல்கள்