அரியலூர் விபத்தின் ஆவணங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரியலூர் ரயில் விபத்து நாளையொட்டித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 1956 நவம்பர் 23 அதிகாலையில், வெள்ளத்தில் சேதமடைந்த மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் தடம்புரண்டு ஆற்றில் விழுந்ததையும், 140 பேருக்கு மேல் மாண்டதையும், லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகியதையும் கட்டுரை சரியாகவே நினைவூட்டியது. ஆனால் அந்தப் பதவி விலகலைப் பேசுமளவுக்குப் பாலத்தின் அடித்தளத்தைப் பற்றியோ, இரவு ரோந்து, வெள்ள எச்சரிக்கை ஆகிய ஏற்பாடுகளைப் பற்றியோ நாம் பேசுவதில்லை. என் போன்ற ரயில் ஆர்வலர்கள் தேடுவது அதைத்தான்.

விபத்தைப் பற்றிக் குறிப்பெடுக்க நானும் இரு நண்பர்களும் ஒரு நூலகத்தில் அம்மாதத்து நாளிதழ்த் தொகுப்பைக் கேட்டு வாங்கினோம்; எங்களுக்கு வேண்டிய பக்கங்களே, பலர் புரட்டியதாலோ என்னவோ, விளிம்பு உதிர்ந்து எண்கள் படிக்க முடியாதபடி இருந்தன. ரயில் விபத்துகளை விசாரிக்கும் பாதுகாப்பு ஆணையம் ரயில்வேயின் கீழ் அல்லாமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குவதால், விசாரணை அறிக்கையைக் கேட்டு எந்தக் கதவைத் தட்டுவது என்பதே பலருக்குக் குழப்பம். ஐம்பது ஆண்டுகளைக் கடந்த விசாரணை அறிக்கைகளையும் பால வரைபடங்களையும் மின்னுருவாக்கி இணையத்தில் எவரும் படிக்கும்படி வெளியிட இரு அமைச்சகங்களும் இணைந்து ஏற்பாடு செய்யலாம். அரியலூரிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி