மலிவுச் சுருட்டு வெறும் காரமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவின் விலை குறைந்த சுருட்டில் காரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்று தங்கள் ஞாயிறு மலரில் வெளியான கருத்து எனக்கு உடன்பாடானதன்று. அந்நாட்டின் எஸ்தெலி நகரில் சுற்றப்பட்ட, துண்டுப் புகையிலைக்குப் பதிலாக முழுநீள இலைகளையே உள்ளே வைத்த மலிவுச் சுருட்டு ஒன்றைச் சென்ற வாரம் பொறுமையாகச் சோதித்தேன். (திண்டுக்கல் சுருட்டுக்குப் பழகிய நாக்கு என்னுடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) பற்றவைக்கும் முன் இழுத்தபோது உலர்ந்த வைக்கோலின் வாசம் வந்தது, முதல் அங்குலத்தில், எரிமலை மண்ணில் விளைந்த அந்த இலைக்கே உரிய மிளகுக் காரம் மூக்கில் ஏறி, பிறகு மெல்லத் தணிந்து, வறுத்த வேர்க்கடலையும் இனிப்பில்லாத கோக்கோவும் கலந்தாற்போன்ற சுவையாக மாறியது. சாம்பல் ஓர் அங்குலம் வரை உதிராமல் நின்றது.

சுருட்டின் வெளிப்புறம் சுற்றிய மேலிலையில் தடித்த நரம்பு ஓடியதும், ஒரு பக்கம் மட்டும் விரைந்து எரிந்ததால் இருமுறை நெருப்பைக் காட்டிச் சரிசெய்ய நேர்ந்ததும் உண்மையே. விலை குறைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மேலிலைதான், உள்ளிருக்கும் இலைக் கலவை அன்று. கட்டுரையாளர் குறைகூறும் கசப்பு, அடிக்கடி இழுத்து இலையைச் சூடேற்றியதால் வந்திருக்கக்கூடும். நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் இழுக்காத எனக்கு அது கடைசி இரண்டு அங்குலத்தில்தான் எட்டிப் பார்த்தது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திண்டுக்கல்.