டர்போவை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம்

சத்தியமங்கலம்

அன்புள்ள ராஜாமணி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. சின்னவளுக்கு மதுரையிலேயே வேலை கிடைத்த செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாவது முறையும் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அவளுக்கு என் ஆசிகளைச் சொல்.

கார் விஷயம்தான் மனதை உறுத்துகிறது. லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 12 தான் கொடுக்கிறது, டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்வதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து இன்னும் சரி என்று சொல்லிவிடாதே. என் டீசல் வண்டிக்கும் 15 வயதாகிறது. போன வருஷம் எனக்கும் இதையேதான் சொன்னார்கள். கடைசியில் டர்போவில் கையே வைக்காமல் சரியாயிற்று.

முதலில் அந்த 12 என்பது சரியான கணக்கா என்று பார். ஒரே பங்க், ஒரே பம்பு. தானாக நின்றவுடன் போதும் என்று சொல்லிவிடு. ரூபாயை ரவுண்டாக்க மேலே மேலே ஊற்ற விடாதே. இப்படி மூன்று டேங்க் கணக்கெழுது. டயர் மாற்றினாயா? கொஞ்சம் பெரிய டயர் போட்டிருந்தால் ஓடோமீட்டர் ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டும், மைலேஜ் விழுந்த மாதிரியே தெரியும்.

என் வண்டியில் பெரிய குற்றவாளி தெர்மோஸ்டாட். இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரை (கூலன்ட்), இன்ஜின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் பிடித்து வைக்கும் வால்வு அது. இன்ஜின் அளவுகளைக் காட்டும் புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கி மாட்டி, போனில் பார்த்துக்கொண்டே ஈரோட்டுக்குக் கிளம்பினேன். கோபி தாண்டியும் கூலன்ட் சூடு 64 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. 85, 90 இருக்க வேண்டிய இடம். திறந்து பார்த்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை! “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு, இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கட்டும்” என்று எப்போதோ யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். இந்தப் பழக்கத்தை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இன்ஜினுக்கு அதற்குரிய சூடு வேண்டும். சூடேறாத இன்ஜினில் ஆயில் கெட்டியாகவே நின்று உராய்வைக் கூட்டுகிறது. பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பம் சிலிண்டர் சுவர் வழியாகத் தண்ணீருக்குப் போய்விடுகிறது. இன்ஜினின் கம்ப்யூட்டரும் வண்டி இன்னும் காலைக் குளிரில் நிற்கிறது என்று நினைத்து அதற்கேற்ப டீசலை ஊற்றுகிறது. புது தெர்மோஸ்டாட் போட்ட செலவு, டர்போவுக்குச் சொன்ன தொகையில் ஒரு மூலைக்குக்கூட வராது.

அதோடு முடியவில்லை. பண்ணாரி தாண்டித் திம்பம் ஏறும்போது, அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளில், பின்னால் கரும்புகை வந்தது. முன்னால் ‘உஸ்’ என்று காற்றுச் சத்தம். சமவெளியில் இரண்டுமே கிடையாது. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். வண்டி சும்மா நிற்கும்போது அது மூடியே இருக்கும். டர்போ காற்றை அழுத்தினால்தான் வாய் திறக்கும். உள்ளே வந்த காற்றை ஏர்ஃப்ளோ சென்சார் முன்னாலேயே அளந்துவிடுகிறது. அதை நம்பி டீசல் பாய்கிறது. காற்றோ பாதி வழியில் வெளியே போய்விடுகிறது. அப்புறம் புகை வராமல் என்ன செய்யும்? இழுவை குறைந்ததால் நானும் ஆக்சிலரேட்டரை இன்னும் மிதித்திருக்கிறேன். அதனால் உன் ஹோஸ்களைக் கையால் வளைத்து வளைத்துப் பார், அடிப்பக்கத்தை விட்டுவிடாதே. கிளாம்ப்பையும் இறுக்கிப் பார்.

ஹோஸுக்குள் லேசாக ஆயில் படிந்திருப்பதைக் காட்டித்தான் டர்போ போச்சு என்று சொல்லியிருப்பார்கள். பழைய வண்டியில் கொஞ்சம் ஆயில் ஈரம் சகஜம். இன்ஜினின் மூச்சுக்குழாய் வழியாக வருவது. டர்போவைச் சந்தேகித்தால், இன்ஜின் ஆறிய பிறகு காற்று வரும் குழாயைக் கழற்றி டர்போவின் அச்சை விரலால் ஆட்டிப் பார்க்கச் சொல். பக்கவாட்டில் துளி அசைவு இருக்கலாம். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கைகள் கூட்டில் உரசியிருந்தாலோ, நீலப் புகை வந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

இன்னொன்றும் பார்த்துவிடு. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோ. ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது என்று அர்த்தம். ஏர் ஃபில்டரும் டயர் காற்றும் நீ ஒழுங்காகப் பார்ப்பவன், அதைச் சொல்லத் தேவையில்லை.

எனக்கு இப்போது 16.5 கிடைக்கிறது. திம்பத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது, புகை இல்லை.

ஸ்கேனர் என்னிடம் சும்மாதான் கிடக்கிறது, நாளை கூரியரில் அனுப்புகிறேன். கூலன்ட் சூடு எவ்வளவு காட்டுகிறது என்று முதலில் எழுது. பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, அந்த வண்டியிலேயே வா. ஹாசனூர் வரை ஏறி, டீக்கடை ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து இரண்டு பேருமாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
முருகேசன்